வயசான குதிரைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

பாளையங்கோட்டைல நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் வண்டிக்குக் குதிரை பாக்காரு. "எட்டு வயசுதான்"னு தரகர் அடிச்சுச் சொல்லுதாராம். வாயைத் திறந்து பாருங்க அண்ணாச்சி! மேல் முன்பல் வரிசையில ஓரப் பல்லைப் பாக்கணும். ஈறு பக்கம் பழுப்பா ஒரு பள்ளக்கோடு தெரிஞ்சா 10 வயசை ஒட்டியாச்சு. பாதிப் பல் வரைக்கும் இறங்கியிருந்தா 15, முழுசா ஓடியிருந்தா 20. கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.

அதுக்காக வயசை மட்டும் வச்சு விலையைக் குறைக்காதீங்க. தார் ரோட்டுல ஓடவிட்டுப் பாருங்க. ஒரு முன்னங்காலை ஊனும்போதெல்லாம் தலையைத் தூக்குச்சுன்னா அந்தக் கால்ல வலி. நொண்டாத 15 வயசுக் குதிரைக்கு நான் விலை கூடவே கொடுப்பேன். நொண்டுற 7 வயசு சும்மா கிடைச்சாலும் வேண்டாம், தீனிச் செலவு யாரு பாக்க?

உடம்புல இருக்க முடிச்சுழி சரியில்ல, சுழி நல்லாருக்குன்னு பேசுறதெல்லாம் ரேட்டு ஏத்த இறக்கத்தான். ராமையன்பட்டில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குல்லா, முன்பணம் கொடுக்கதுக்கு முன்னாடி ஒரு எட்டு அங்க காட்டிருங்க.