பழசு மேலேயே ஒட்டிரலாம்க்கா, நோ ப்ராப்ளம்!

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது மலேசியாவில் செந்தூலிலிருந்து கிள்ளான் வரை பல வீடுகளில் ஒரே ஞானம் பிறக்கும்: "ஹால் டைல்ஸ மாத்திரலாம்." அந்த ஆறு வாரத்துக்கு டைல்ஸ் அண்ணன்தான் வீட்டுக்கு மாப்பிள்ளை. வருவது அவர் நேரம், உபசரிப்பது நம் கடமை.

வந்தவர் ஹாலை ஒரு சுற்று பார்ப்பார், கோப்பியை ஒரு வாய் குடிப்பார். "பழசு மேலேயே ஒட்டிரலாம்க்கா. நோ ப்ராப்ளம்."

தப்பில்லை. உடைக்கும் தூசி இல்லை, இடிபாடு அள்ளும் ரோரோ பின் தொட்டிக்கு வாடகை இல்லை, மேல்மாடிக்காரர் புகார் இல்லை. ஆனால் புது டைல் 10 மில்லிமீட்டர், அடியில் பசை 4, 5 மில்லிமீட்டர். தரை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். அறைக்கதவின் அடியிலோ முழுசாக ஒரு சென்டிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. எல்லாம் முடிந்து, பழைய கதவை மாட்டி மூடப் போனால் பாதி வழியில் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

"கதவு தச்சன் வேலக்கா."

அதுவும் உண்மைதான். அதனால் விலை பேசும் நாளிலேயே டேப்பை எடுத்துக் கதவடியை அளந்துவிட வேண்டும். வாசல் ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்தையும் பாருங்கள். அது புதுத் தரைக்குக் கீழே போய்விட்டால் மழைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி லோங்காங், அதாவது சாக்கடை, ஓடும்.

அடுத்தது கணக்கு. ஹால் 20க்கு 12 என்றால் 240 சதுர அடி. 60க்கு 60 சென்டிமீட்டர் டைல் வழக்கமாகப் பெட்டிக்கு நாலு, அதாவது ஏறக்குறைய 15.5 சதுர அடி. வகுத்துப் பார்த்து "16 பெட்டி, கரெக்ட்டா இருக்கு" என்று வாங்கினால் அழுகைதான். வெட்டும்போது உடைவது, ஓரத்துண்டு எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பத்து கூட்டினால் 264 சதுர அடி, 18 பெட்டி. டைலைக் குறுக்காகப் போடும் ஆசை இருந்தால் நூற்றுக்குப் பதினைந்து. குறைந்த ரெண்டு பெட்டியை அப்புறம் வாங்கலாம் என்று விட்டால் பெட்டியில் லாட் நம்பர், அதாவது எந்தச் சூளைத் தொகுப்பு என்ற எண், மாறியிருக்கும். கடை விளக்கில் ஒரே நிறம், ஹால் வெளிச்சத்தில் அக்கா தங்கச்சி. ஒரு பெட்டி 30 கிலோ பக்கம், மொத்தம் அரை டன்னுக்கு மேல். லிப்ட் இல்லாத ஃபிளாட்டில் யார் தூக்குவது என்பதை லோரி வந்து நின்ற பிறகு பேசக்கூடாது.

இனி ஒட்டுவது. பணம் தரையில் நிற்பதும் போவதும் இங்கேதான். அவசரக்காரர் டைலின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் கொழுக்கட்டை மாதிரி பசையைப் பிடித்து வைத்து, ஒரு குத்து குத்தி, அடுத்ததுக்குப் போய்விடுவார். மேலே பார்க்கக் கண்ணாடி. கொழுக்கட்டைகளுக்கு நடுவே எல்லாம் காற்று. அதில் ஒரு நாற்காலிக்கால் பலமாக விழுந்தால் முடிந்தது.

சரியான முறை: 10 மில்லிமீட்டர் பல் வைத்த கரண்டியால் தரையில் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசி, வைத்து அசைத்து அழுத்துவது. நம்பிக்கை வராவிட்டால் முதல் டைலை உடனே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். பளபள ஹோமோஜீனியஸ் டைல் தண்ணீர் குடிக்காது, வெறும் சிமெண்டுப்பால் அதைப் பிடிக்காது. அதற்கென்றே விற்கும் டைல் பசைதான் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பாட்டி "பாவம், புள்ளைக்கு வேர்க்குது" என்று மேல்ஃபேனை ஐந்தில் வைப்பார். விரித்த பசை மேலே ஆடை கட்டிவிடும், பால் மாதிரி. ஆடை கட்டியதன் மேல் வைத்த டைல் ஒட்டாது. பிள்ளைக்கு ஐஸ் போட்ட சிராப் கொடுங்கள், ஃபேன் வேண்டாம்.

சுவரோரம் ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டுத்தான் போட வேண்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துக்கொள்ளும். "நெருக்கி அடிச்சா அழகா இருக்கும்க்கா" என்பார் டைல்ஸ் அண்ணன். மத்தியான வெயிலில் விரியும் தரைக்குப் போக இடம் வேண்டாமா? இடமில்லாமல், அடியில் பிடிப்பும் இல்லாவிட்டால், ஒரு நாள் ராத்திரி "டமார்" என்று நடு ஹாலில் ரெண்டு டைல் கூடாரம் போட்டு நிற்கும். வீட்டில் பாதிப் பேர் பேய் என்பார்கள், மீதிப் பேர் கேஸ் தோம்பு, அதான் சிலிண்டர், வெடித்தது என்பார்கள்.

குளியலறைக்கு ரெண்டே கேள்வி. நீர்த்தடுப்பு பூசிக் காய்ந்த பின் தண்ணீர் போகும் குழியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தாயிற்றா? மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் குழியைப் பார்த்துச் சாய்வு இருக்கிறதா? இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் குடையோடு மேலே வருவார்.

பணத்தை வேலை நகர நகரப் பிரித்துக் கொடுங்கள். நூற்றுக்குப் பத்தாவது கையில் நிற்கட்டும், ஐம்பது காசு நாணயத்தால் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்க்கும்வரை. "டிக்" என்றால் சரி, "டொக்" என்றால் அடியில் காற்று.

தட்டாமல் விட்டாலும் பரவாயில்லை. தீபாவளி அன்று முறுக்கைக் கடித்துக்கொண்டே பெரிய மாமா பாக்கெட்டில் நாணயம் தேடுவார்.

"டொக்."

"டொக்."

"இங்க வாம்மா, இதக் கேளு."