கொலு பார்க்குக்கு இரண்டு பென்குயின்

இந்த வருஷம் எங்கள் கொலு பார்க்கில் அண்டார்டிகா. அதற்காக எம்பரர் பென்குயின் ஜோடி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒன்று பனியில் நிற்கிறது, மற்றது தண்ணீருக்குள் பாய்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவில் கட்டுக்கம்பிக் கூடு.

கூழ் நம் ஊர்ப் பழைய முறைதான்: ஊறிய செய்தித்தாளோடு வெந்தயத்தையும் சேர்த்து அரைப்பது. பூச்சி அரிக்காது. சென்னை ஈரக்காற்றில் காய நேரமெடுக்கும், அதனால் மெல்லிசாகப் பூசி மொட்டை மாடியில் காயவைத்துத்தான் அடுத்த பூச்சு.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கால் வைத்ததுதான். பென்குயினுக்குக் கால் உடம்பின் கடைசியில், வாலை ஒட்டி இருக்கிறது. அதனால்தான் நிமிர்ந்து நிற்கிறது. முழங்காலும் உண்டு; அது உடம்புக்குள்ளேயே மடங்கிக் கிடப்பதால் வெளியே தெரிவது குட்டைக்கால் மட்டும். அந்தத் தத்தக்கா பித்தக்கா நடை இதனால் வருவது. பனியில் ஓய்வாக நிற்கும்போது எம்பரர் விரல்களைத் தூக்கிக்கொண்டு, குதிகாலிலும் வாலிலும் ஊன்றிக்கொள்ளும். பொம்மைக்கும் அப்படியே வால் கம்பியைத் தரை வரை இறக்கினேன், ஆடாமல் நின்றுவிட்டது! அடுத்த கூட்டைக் கிடையாகப் பிடித்தால் அதே கால்கள் பின்னால் நீண்டு, வாலோடு சேர்ந்து சுக்கான் ஆகிவிடுகின்றன. தரையில் தடுமாற வைப்பதுதான் தண்ணீரில் திசை திருப்புகிறது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இறக்கைக்குத் தகரம் வெட்டினேன். மற்ற பறவைகளைப் போல மடக்கத் தேவையில்லை. எலும்புகள் தட்டையாகி, முழங்கையும் மணிக்கட்டும் விறைத்துப்போய், தோளிலிருந்து மொத்தமாகத் துடுப்புப் போல அசையும். மேலே தூக்கும்போதும் உந்தும், கீழே அடிக்கும்போதும் உந்தும். எலும்பும் கெட்டியானது, மிதப்பைக் குறைத்து முங்க உதவும். 500 மீட்டருக்கும் கீழே முங்குகிற பறவை இது.

முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை அடித்தாயிற்று. மேலிருந்து பார்த்தால் கடலின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடுகிற நிறம். மேலேறி வரும்போது இறகுக்குள் அடைத்து வைத்த காற்றைக் குமிழ்களாக விட்டு, தண்ணீரின் இழுப்பைக் குறைத்துக்கொண்டு பனிமேல் தாவும். அந்தக் குமிழ்களுக்குத் தூண்டில் நரம்பில் கண்ணாடிப் பாசிமணி கோத்து வாலுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன்.

நிற்பது அப்பா பென்குயின். பாதத்தின் மேல் முட்டையை வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டினியாக அடைகாப்பவர். முட்டை இன்னும் காயவில்லை. காய்ந்ததும் ஒட்டிவிட்டு, காதோர மஞ்சளைத் தீட்ட வேண்டும்.