53 நிமிட அழுகை

சென்னையில் மாலை ஆறரை மணி ஆனால் எங்கள் ஆபீஸில் அமெரிக்கக் காலை தொடங்கிவிடும். பதினோரு வருடமாக மெடிக்கல் பில்லிங், அதாவது சிகிச்சைக்கு இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு பில் போடும் வேலை. அதில் ஆறு வருடம் மனநலமும் போதை சிகிச்சையும் பார்க்கும் கிளினிக்குகளின் கிளெய்ம்கள்தான்.

இந்த வேலையில் முதலில் மனப்பாடம் ஆவது நிமிடக் கணக்கு. கவுன்சலிங் 16 முதல் 37 நிமிடம் என்றால் பில்லில் போடும் கோடு 90832. 38 முதல் 52 வரை 90834. 53ஐத் தொட்டுவிட்டால் 90837, காசும் கூடுதல். என் கைக்கு வந்த நோட்டுகளில், அதாவது கவுன்சலர்கள் எழுதும் சிகிச்சைக் குறிப்புகளில், எத்தனையோ பேர் கணக்காக 53 நிமிடம் அழுதிருக்கிறார்கள். கவுன்சலர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் சம்பளம் வாங்க வேண்டுமே.

நிமிடத்துக்குள் அடங்காத பல வேலைகளுக்குக் காசே கிடையாது. ஒரு நோட் இன்னும் நினைவிருக்கிறது. போதையிலிருந்து மீண்டுகொண்டிருந்தவர் அன்று வரவில்லை. அவரைத் தொடர்ந்து கவனிக்கும் கேஸ் மேனேஜர் தேடிக் கிளம்பியிருக்கிறார். வீடு, பழைய வேலையிடம், பஸ் ஸ்டாப். இரண்டு மணி நேரம், ஆள் கிடைக்கவில்லை. நான் 'நான்-பில்லபிள்', பில் போட முடியாது, என்று தட்டிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போனேன்.

இதை மாற்றத்தான் 2014இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மனநலமும் போதை சிகிச்சையும் பார்க்கும், இதற்கென அங்கீகாரம் பெற்ற கிளினிக்குகளுக்கு (சுருக்கமாக CCBHC) மெடிகெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு, வேறு முறையில் பணம் தரும். 2017இல் மிசௌரி, ஓக்லஹோமா உட்பட எட்டு மாநிலங்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள். 2024இல் இன்னும் பத்து மாநிலங்கள் சேர்ந்தன. கிளினிக்கின் ஒரு வருடச் செலவு மொத்தத்தையும் எடுத்து, நோயாளிகள் வந்துபோன நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவதுதான் ஒரு நாள் ரேட். நோயாளி வந்த நாளுக்கு டி1040 என்று ஒரே கோடு, ஒரே தொகை. ஆளைத் தேடி அலைந்த அந்த இரண்டு மணி நேரமும் நெருக்கடியில் வரும் நடுராத்திரி போனும் இப்போது செலவுக் கணக்குக்குள் வந்துவிட்டன. பணம் கட்ட முடியாது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது.

ஓட்டை இல்லாமல் இல்லை. நாளுக்கு ஒரு தொகை என்றால், ஒரே நாளில் டாக்டரையும் கவுன்சலரையும் பார்த்துவிடக்கூடியவரைச் செவ்வாய்க்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை வரச் சொல்லலாம். அதற்கு மாற்றாக ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் மாதத்துக்கு ஒரு தொகை என்று வைத்தார்கள். என் ஓட்டு அதற்கே. ஆனால் அதிலும் மாதம் ஒருமுறை தலைகாட்டினால் போதும் என்று விட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்கிரீனைக் காட்டினாள். "அக்கா, டி1040க்கு மட்டும்தான் காசு வந்திருக்கு. கீழே இருக்கிற வரி எல்லாம் ஜீரோ. பணம் தர மறுத்துட்டாங்களா, டினையலா?"

"டினையல் இல்லம்மா. அன்னைக்கு என்னென்ன செஞ்சாங்கன்னு மாநிலம் பார்க்கணும்ல, அதுக்கு."

அவள் தட்டிக்கொண்டே போனாள். நான் அந்த ஜீரோ வரிகளுக்கான நோட்டுகளை எட்டிப் பார்த்தேன். 41 நிமிடம், 28 நிமிடம், 65 நிமிடம்.