கருந்துளையை விதைத்தல்: ஒரு சிமுலேஷன் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

பிரபஞ்சத்தின் ஒரு துண்டைக் கணினிக்குள் பெட்டியாக வைத்து, அதில் கருந்துளைகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்கும் வேலை இது. பெட்டியின் பக்கம் 50 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு). ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் கரும்பொருளுக்குத் துகள்கள் 512இன் கனம், அதாவது 13.4 கோடி; வாயுத் துகள்களும் அதே எண்ணிக்கை. நீளமும் நிறையும் எச் ஆல் வகுத்த அலகில் இருக்கும். எச் என்பது பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை 100ஆல் வகுத்தால் வரும் எண், இங்கே 0.6774.

எதையும் ஓட்டுவதற்கு முன் துகளின் நிறையைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மாறுநிலை அடர்த்தி, அதாவது பிரபஞ்சம் வளைவின்றித் தட்டையாக இருக்கத் தேவையான சராசரி அடர்த்தி, கன மெகாபார்செக்குக்கு 27,750 கோடி சூரிய நிறை. அதைப் பொருளின் பங்கான 0.3089ஆல் பெருக்கி, 1,25,000 கன மெகாபார்செக்கால் பெருக்கி, 13.4 கோடியால் வகுத்தால் 8 கோடி சூரிய நிறை வரும். இதில் கரும்பொருள் துகளுக்கு 6.7 கோடி, வாயுத் துகளுக்கு 1.26 கோடி. துகள்களின் சராசரி இடைவெளி 98 கிலோபார்செக். அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.4 கிலோபார்செக், ஈர்ப்பை மழுக்கும் நீளம்: இதைவிட நெருங்கும் துகள்களுக்கிடையே ஈர்ப்பை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறோம். அதைவிடச் சிறிய எதுவும் இந்தப் பெட்டிக்குள் உண்மையாகத் தெரியாது. மற்ற எல்லா முடிவுகளும் இந்த எண்களிலிருந்துதான் வருகின்றன.

பிப்ரவரி 5

பெட்டியின் ஒரு கண நிலையைச் சேமிக்கும் பதிவுக் கோப்பு, கரும்பொருளுக்கு மட்டும் 4.3 ஜிகாபைட்: இடத்துக்கு 12 பைட், வேகத்துக்கு 12, அடையாள எண்ணுக்கு 8. அடையாள எண்ணை 32 பிட்டில் வைத்தால் 1625இன் கனம் வரைதான் தாங்கும். இன்றைய பெட்டிக்கு அது போதும். ஆனாலும் 64 பிட்டிலேயே தொடங்குவது நல்லது. பெட்டி பெரிதாகும்போது இரண்டு துகளுக்கு ஒரே எண் விழுந்தால் கணினி எந்த எச்சரிக்கையும் தராது.

பிப்ரவரி 10

பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு பெரிய கருந்துளைகள் எப்படி வந்தன? இந்தத் துறையின் இந்த மையக் கேள்விக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஜே0313-1806 என்ற குவாசரின் (பொருளை விழுங்கி ஒளிரும் பெருங்கருந்துளையின்) செம்பெயர்ச்சி 7.64; பிரபஞ்சம் விரிந்ததில் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் எண் இது. பெருவெடிப்புக்குப் பின் 67 கோடி ஆண்டில் அங்கே 160 கோடி சூரிய நிறைக் கருந்துளை இருந்திருக்கிறது.

எடிங்டன் வரம்பில், அதாவது வெளிவரும் ஒளியின் அழுத்தம் விழும் வாயுவைத் தடுக்கத் தொடங்கும் உச்ச வேகத்தில், வளரும் கருந்துளை, விழும் பொருளில் 10 சதவீதத்தை ஒளியாக வெளியிட்டால், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு ஒருமுறை 2.718 மடங்காகும். முதல் விண்மீன் ஒன்று இறந்து விட்டுச்சென்ற 100 சூரிய நிறை விதை 160 கோடியாக, 1.6 கோடி மடங்கு வளர வேண்டும். அதன் இயல்மடக்கை (2.718ஐ அடியாகக் கொண்ட மடக்கை) 16.6, எனவே 83 கோடி ஆண்டு. இருந்த காலமே 67 கோடி, அதிலும் முதல் விண்மீன்கள் பிறக்க 10 கோடி ஆண்டுக்கு மேல் போய்விடும். 1 லட்சம் சூரிய நிறை விதை என்றால் 48 கோடி ஆண்டு போதும்.

இந்த ஒரு கணக்கால்தான், பெரிய வாயு மேகம் விண்மீன்களாகச் சிதறாமல் நேரே சரிந்து கருந்துளையாகும் வழியை இத்தனை பேர் தேடுகிறார்கள். இன்னொரு வழி, வரம்பை மீறி விழுங்குவது. ஒளியாகும் பங்கு 10க்குப் பதில் 5 சதவீதமானால் மடங்காகும் காலம் பாதிக்கும் கீழே போகும். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்தப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பிப்ரவரி 18

நம் பெட்டியில் கருந்துளை தானாகப் பிறக்காது; நாம்தான் வைக்கிறோம். விண்மீன் திரள்கள் உருவாவதைக் காட்டும் பெரிய சிமுலேஷனான இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜியின் விதி: கரும்பொருள் கூட்டின், அதாவது ஈர்ப்பால் ஒன்றுசேர்ந்த கரும்பொருள் திரட்சியின், நிறை 5,000 கோடியைத் தாண்டி, உள்ளே கருந்துளை இல்லையென்றால், 8 லட்சம் சூரிய நிறையில் ஒன்றை நடு. நம் பெட்டியில் அந்தக் கூட்டில் ஏறத்தாழ 630 கரும்பொருள் துகள்கள் இருக்கும். விதி செல்லும்.

சிக்கல் வேறு இடத்தில். 8 லட்சம் நிறை விதையைவிடக் கரும்பொருள் துகள் 84 மடங்கு கனம். பக்கத்தில் போகும் ஒவ்வொரு துகளும் கருந்துளையை உதைத்துத் தள்ளும். சில கோடி ஆண்டுகளில் அது மையத்தைவிட்டு அலையத் தொடங்கி, வாயு கிடைக்காமல் பட்டினி கிடக்கும். இயற்கையில் கனமான பொருளை மையத்துக்கு இழுக்கும் இயங்கு உராய்வு இங்கே தலைகீழாகிவிடுகிறது. வழக்கமான மருந்து, கணக்கின் ஒவ்வொரு காலப்படியிலும் கருந்துளையை அருகில் ஈர்ப்பாற்றல் மிகக் குறைந்த குழியின் அடியில் கொண்டுபோய் வைப்பது. வேலை செய்யும், ஆனால் விலை உண்டு: இரண்டு விண்மீன் திரள்கள் மோதியவுடனே கருந்துளைகளும் இணைந்துவிடும். அப்படி ஓட்டிய பெட்டியிலிருந்து ஈர்ப்பலைகளுக்கான இணைவு வீதத்தை நேரடியாக எடுப்பது தவறு. தாமதத்தைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 21

கருந்துளைக்குள் வாயு எவ்வளவு வேகமாக விழும் என்பதற்குப் பாண்டி சூத்திரம். விழும் வீதம் கருந்துளை நிறையின் இருபடிக்கு நேர், வாயு அடர்த்திக்கு நேர், ஒலி வேகத்தின் முப்படிக்குத் தலைகீழ். வாயுவின் வெப்பநிலை நான்கு மடங்கானால் உணவு எட்டில் ஒன்றாகும். விதை எட்டு மடங்கு சிறிதானால் வளரத் தொடங்க எட்டு மடங்கு காலம் பிடிக்கும்.

10 லட்சம் சூரிய நிறைக்கு, வினாடிக்கு 10 கிலோமீட்டர் ஒலி வேகத்தில், பாண்டி ஆரம் (கருந்துளையின் ஈர்ப்பு வாயுவைப் பிடிக்கும் தொலைவு) 43 பார்செக். நம் மழுக்கல் நீளமோ, எச் ஆல் வகுத்தபின், 3,500 பார்செக். அளக்க முடியாத இடத்தின் அடர்த்தியைச் சுற்றுப்புறச் சராசரியால் நிரப்புகிறோம். டிஎன்ஜிக்கு முந்தைய பழைய இல்லஸ்ட்ரிஸ் இதை ஈடுகட்ட வீதத்தை 100ஆல் பெருக்கியது. டிஎன்ஜி அந்தப் பெருக்கத்தைக் கைவிட்டு விதையைப் பெரிதாக்கியது.

மார்ச் 4

கருந்துளை திருப்பித் தரும் வெப்பம். விழுங்கிய நிறையின் ஆற்றலில் 10 சதவீதம் ஒளி, அதில் 5 சதவீதம் வாயுவில் ஏறும் என்று வைத்தால் மொத்தம் 0.5 சதவீதம். இதை ஒவ்வொரு படியிலும் சொட்டுச் சொட்டாகச் சுற்றியுள்ள வாயுவில் கொட்டினால் ஒன்றும் நடக்காது. 1 லட்சம் கெல்வின் பக்கம் வாயு மிக வேகமாகக் குளிரும். கொடுத்ததெல்லாம் ஒளியாகப் போய்விடும், திரளின் நடுவில் விண்மீன்கள் அளவுக்கு மீறிக் குவியும்.

அதனால் ஆற்றலைச் சேமித்துவைத்து, ஒரு வாயுத் துகளை ஒரே தடவையில் 10 கோடி கெல்வின் ஏற்றும் அளவு வந்ததும் விடுவிக்கிறார்கள். 1 சூரிய நிறை விழுங்கினால் 217 சூரிய நிறை வாயுவை அந்த அளவு ஏற்றலாம். நம் துகளுக்கு 58,000 சூரிய நிறை விழுங்கியாக வேண்டும், அதாவது விதையின் 7 சதவீதம். சின்னக் கருந்துளை நெடுநேரம் மௌனமாக இருந்து திடீரென்று வெடிக்கும். அது இயற்கை அல்ல, துகள் பருமனின் விளைவு.

வெடித்த துகளில் ஒலி வேகம் வினாடிக்கு 1,500 கிலோமீட்டர். அதன் காலப்படி, அதாவது கணினி அதை அடுத்து நகர்த்தும் கால இடைவெளி, சட்டென்று சுருங்கும். பக்கத்துத் துகள்கள் பழைய நீண்ட படியிலேயே இருந்தால் அதிர்வலை அவற்றை ஊடுருவிப் போய் ஆற்றல் கணக்கு உடையும். அண்டைத் துகள்களின் படி வித்தியாசத்துக்கு உச்ச வரம்பு போடும் வசதி இயங்குகிறதா என்று சிமுலேஷன் எழுதும் குறிப்புக் கோப்பில் பார்க்க வேண்டும்.

மார்ச் 12

கேட்ஜெட் என்ற சிமுலேஷன் நிரலின் கோப்பைப் படிக்கும்போது: வேகத்தை அளவுக்காரணியின் (இன்றைய பிரபஞ்சத்தை 1 என்று கொண்டால் அப்போதைய அளவு) வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். எச்சை விட்டுவிட்டால் நிறை 1.48 மடங்கும், எண்ணடர்த்தி 3.2 மடங்கும் பிசகும்.

மார்ச் 20

ஒப்பீடு. அருகிலுள்ள திரள்களில் கருந்துளை நிறை, திரளின் மையத்தில் விண்மீன்கள் அடர்ந்த நடுப்புடைப்பின் நிறையில் ஏறத்தாழ 0.5 சதவீதம். பெட்டி இதைக் காட்டுகிறது என்று மகிழ்வதற்கு முன், ஒளியில் வாயுவில் ஏறும் பங்கு 5 சதவீதம் என்ற அந்த எண்ணே இந்த உறவுக்குப் பொருந்தும்படி தேர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். பொருத்திய ஒன்றைக் கணிப்பு என்று வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவது. உண்மையான சோதனை, பொருத்தாத இடத்தில் இருக்கிறது: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆதிகாலத் திரள்களில் பார்க்கும், விண்மீன்களின் நிறையோடு ஒப்பிட்டால் அளவுக்கு மீறிப் பெரிதான கருந்துளைகள்.

விதை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று அறிய, 25 மெகாபார்செக்கில் 256இன் கனம் துகள்களோடு, துகள் நிறை மாறாத சிறு பெட்டிகள் இரண்டு வரிசையில் நிற்கின்றன. ஆரம்ப நிலை ஒன்றே. ஒன்றில் விதை 8 லட்சம், மற்றதில் 80,000.