திமில் பிடி

"அண்ணே, கைய நம்பாதீங்க. நெஞ்ச ஒட்டுங்க."

இன்று காலை பயிற்சியில் பாலமேட்டுத் தம்பி ஒருவன் சொன்னது. அவன் முதுகை நான் பிடித்திருக்கிறேன், அவனே எனக்குச் சொல்லித் தருகிறான்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்கிற, மல்யுத்தம் மாதிரியான தற்காப்புக் கலையில் எதிராளியின் முதுகைப் பிடிப்பதைத்தான் ஒரு மாதமாகப் பழகுகிறோம். ஒரு கை எதிராளியின் தோளுக்கு மேலே, இன்னொன்று அக்குளுக்குக் கீழே, இரண்டும் அவன் மார்பில் கோத்திருக்கும். சீட் பெல்ட் என்பார்கள். குதிகால்கள் அவன் தொடைகளின் உள்பக்கம், கொக்கி மாதிரி. 3 விநாடி நிலைத்தால் போட்டியில் 4 புள்ளி.

பாதங்களைப் பின்னிக்கொள்ளத்தான் மனசு சொல்லும். கூடாது. புள்ளியும் வராது, கணுக்காலையும் அவன் கையில் கொடுத்த மாதிரி.

நான் கையை மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். முன்கை கடுத்துப்போனது. அவன் இடுப்பை ஒரு நெளி நெளித்தான், பாயில் கிடந்தேன்.

மூன்று முறை.

நான்காம் முறை நெஞ்சை அவன் முதுகோடு ஒட்டினேன். அவன் மூச்சு இழுத்தபோது என் விலா வரை தெரிந்தது. எந்தப் பக்கம் உருளப்போகிறான் என்பதும் அங்கேதான் முதலில் தெரிந்தது. கூடவே உருண்டேன். பிடி நின்றது.

அப்புறம் தண்ணீர் குடிக்கும்போது சொன்னான், வாடிவாசலில் மாடு பிடித்தவனாம். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது, திமில் மட்டும்தான்.

"மாடு துள்ளுற பக்கமே போகணும்ணே. எதிர்த்து இழுத்தா தூக்கி எறிஞ்சிரும்."

பிடிப்பது என்றால் அசையவிடாமல் அமுக்குவது என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். பாயில் மட்டுமில்லை, வீட்டிலும்தான்.

திங்கட்கிழமையும் அவனையே ஜோடியாகக் கேட்டிருக்கிறேன்.