ஸ்விஃப்ட்டுக்கு வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றினேன்: இடது பக்கம் மட்டும் ஏன் அப்படித் தேய்ந்தது?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். பிரேக்கில் கால் வைத்தால் இடது முன்சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்து முடியப் போகும்போது அதிலுள்ள சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும், எச்சரிக்கைக்கென்றே வைத்திருப்பது அது. ஆனால் இந்த பேட் போட்டு 18,000 கிலோமீட்டர்தான் ஆகிறது, அதற்கு முன்னால் இருந்தவை 40,000 தாண்டி ஓடியவை. எங்கேயோ வேறு கோளாறு இருக்கிறது என்று பட்டதால்தான் இந்த முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடாமல் நானே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

காந்திபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு பேடும் ஒரே செட்டாக வரும், ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. கடைக்கார அண்ணன் பேட் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, "ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் இருக்குதுங்களா? சாதா கிரீஸைப் போட்டுறாதீங்க, ரப்பர் உப்பிக்கும்" என்றார். அப்போது தலையாட்டிவிட்டு ஒரு சிலிக்கான் கிரீஸ் ட்யூப் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட்டிகோவில் வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். கியரில் போட்டிருக்கிறோமே என்று செங்கல்லை விட்டுவிடாதீர்கள், இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுத்தேன், கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவிடவே கூடாது.

பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் காலிப்பர். அதன் கீழ் போல்ட்டைக் கழற்றி மேல் பக்கமாகத் தூக்கினால் பேடுகள் வெளியே வந்துவிட வேண்டும். எனக்குத் தூக்கவே வரவில்லை. மேல் போல்ட்டையும் கழற்றி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்துத்தான் எடுத்தேன். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் பாரம் விழாதபடி காலிப்பரை கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டு, பேடுகளை வெர்னியரில் அளந்தேன். உள் பேடில் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப் பேடில் 6. ஒரே சக்கரம், ஒரே டிஸ்க், இவ்வளவு வித்தியாசம்!

ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் காலிப்பருக்கு உள் பக்கம் மட்டும்தான் பிஸ்டன். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது காலிப்பர் முழுசாக இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் வழுக்கி உள்நோக்கி வந்து, வெளிப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. இந்த ஸ்லைடு பின் வழுக்கவில்லை என்றால் உள் பேடு மட்டும் வேலை செய்யும், காலை எடுத்த பிறகும் சரியாக விலகாது. என் வண்டியில் கீழ் ஸ்லைடு பின் விரல் பலத்துக்கு வரவே இல்லை. மேலே அதை மூடும் ரப்பர் உறை (பூட்) நன்றாகத்தான் இருந்தது, உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு நிறத்தில் கெட்டிக் களிம்பாகியிருந்தது. போன தடவை பேட் மாற்றியவர்கள் பின்னைத் தொடவே இல்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மலையில் இறங்குகிற வண்டி இது. நாலு மாதமாக பிரேக் பிடித்தால் லேசாக வலது பக்கம் இழுத்ததை நான் அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து அதற்கும் பணம் கட்டியிருக்கிறேன்.

பின்னை முறுக்கி முறுக்கி வெளியே எடுக்கவே அரை மணி நேரம். துரு மேலாக மட்டும் இருந்தது, குழி விழவில்லை, அதனால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, துளையையும் பிரேக் கிளீனர் அடித்து பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போட்டேன். குழி விழுந்திருந்தால் புதுப் பின்தான் வாங்க வேண்டும். இப்போது ஒரு விரலால் தள்ளினாலே போய் வருகிறது.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள். பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் இறங்கும், சர்வீஸில் யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால் பிஸ்டனைத் தள்ளும்போது அது மேலே வழியும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போச்சு. நான் மெடிக்கலில் வாங்கிய சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாகத் தள்ளினேன். புது பேடைப் போட்டுக் காலிப்பரை மாட்டியதும் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிய பிறகே வலது பக்கம் போனேன். எந்தப் பக்கமாவது காலிப்பர் கழன்று தொங்கும்போது யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். மகளிடம் வண்டிக்குள் ஏறவே வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வலது பக்கத்தில் 4, 4.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம். பின்கள் நன்றாக வழுக்கின, ஆனாலும் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டேன். இடது பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம், இதற்கு 40 நிமிஷம்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் உள்ள லேஅவுட் ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, 50 வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாகப் பிடிப்பதும் விடுவதுமாக 20 தடவை ஓட்டினேன், நடுநடுவே சூடு ஆற விட்டு. முதல் சில தடவை பிடிப்பு குறைவாகத் தெரியும், புது பேடு டிஸ்க்கோடு படிய அந்த நேரம் தேவை. வலது பக்கம் இழுப்பது சுத்தமாக நின்றுவிட்டது.

இப்போது 600 கிலோமீட்டர் ஆகிறது. நேற்று மறுபடி கோத்தகிரி போய் இறங்கினேன், அடிவாரத்தில் நிறுத்தி இரண்டு முன்சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன், சூடு ஒரே அளவு. 5,000 ஆனதும் இடது சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் அளந்து போடுகிறேன்.