கல்குழியில் தண்ணீர் வற்றும் வரை

பிப்ரவரி 3
ரிப்போர்ட் வந்துவிட்டது. கவர் என் பையில். அம்மா கேட்டாள். "நாளைக்குத்தான் தருவாங்களாம்" என்றேன்.

பிப்ரவரி 4
தூக்கம் வரவில்லை. வார்டில் விளக்கை அணைத்த பிறகு போனில் 'சைலஸ் மார்னர்' நாவலைத் திறந்தேன். ஜார்ஜ் எலியட், 1861. கல்லூரியில் பாடமாக இருந்தபோது நெசவாளி சைலஸைத்தான் படித்தேன், காட்ஃப்ரேயைக் கவனிக்கவே இல்லை. இந்த முறை அவனை விட்டு நகர முடியவில்லை. ராவெலோ கிராமத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை. மாலியை ரகசியமாகக் கட்டிக்கொண்டு, குழந்தையும் பிறந்து, இப்போது நான்சி மேல் ஆசை. கெட்டவன் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று ராத்திரி முடிவு செய்கிறான். விடிந்ததும் அந்தத் துணிச்சலைக் காணோம்.

பிப்ரவரி 5
அக்கா வந்தாள். சொல்லவே கூடாது என்கிறாள்.

பிப்ரவரி 6
மாலி பனியில் விழுந்து கிடக்கும் இடம். அபின் மயக்கம். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்துத் தத்தித் தத்தி சைலஸின் குடிசைக்குள் போய்விட்டது. புத்தாண்டு விருந்துக்குச் சேதி வந்ததும், ஆட்டத்துக்குப் போட்ட மெல்லிய ஷூவோடு காட்ஃப்ரே பனியில் ஓடுகிறான். அவள் பிழைத்திருப்பாளோ என்பதுதான் அவன் பயமே.

குழந்தை சைலஸின் மடியில் இருக்கிறது. பெற்றவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி சைலஸின் வற்றிய கன்னத்தைப் பிடித்து இழுக்கிறது. காட்ஃப்ரே பையில் விரலை விட்டு அரை கினி எடுத்துத் துணி வாங்கக் கொடுக்கிறான். அரை கினி, பத்தரை ஷில்லிங். சொந்தப் பிள்ளைக்கு.

இன்று அம்மாவுக்கு மாதுளை, புதுப் போர்வை, வாசனை சோப்பு எல்லாம் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 7
இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 8
கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்கிறாள் அக்கா. வெள்ளை வந்தால் சொல்லலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கு ஒப்பவில்லை. முன்பு இருந்த ஊரில், லாண்டர்ன் யார்ட் என்ற சபையில் சைலஸுக்கும் அப்படித்தான் ஆனது. கூட்டாளி வில்லியம் டேன் செய்த திருட்டு. சபையார் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார்கள், சீட்டு சைலஸைக் கைகாட்டியது. ஊரை விட்டு வந்தவன் 15 வருஷம் தறியையும் காசையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நாம் முடிவு செய்ய வேண்டியதை ஒரு பூப்பொட்டலத்தின் தலையில் கட்டலாமா? இதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அவளும் பாவம்.

காட்ஃப்ரே சீட்டுப் போடவில்லை. எல்லாம் எப்படியாவது நல்லபடியாக முடியும் என்று காத்திருந்தான். அந்த அதிர்ஷ்டத்தை ஒரு தெய்வம் என்றே எழுதுகிறார் எலியட். ஐந்து நாளாக நானும் அதைத்தான் கும்பிடுகிறேன்.

பிப்ரவரி 9
"இன்னுமா வரல?"

பிப்ரவரி 10
முடித்துவிட்டேன். 16 வருஷத்துக்குப் பிறகு சைலஸின் குடிசைக்குப் பக்கத்துக் கல்குழியில் தண்ணீர் வற்றுகிறது. அடியில் காட்ஃப்ரேயின் தம்பி டன்ஸ்டனின் எலும்புக்கூடு, சைலஸிடமிருந்து திருடிய 272 பவுண்ட் சொச்சம். இனி எதுவும் மறையாது என்று அன்றுதான் மனைவியாகிவிட்ட நான்சியிடம் காட்ஃப்ரே வாயைத் திறக்கிறான். அவள் வெறுத்துவிடுவாள் என்றுதான் இத்தனை வருஷம் பயந்தான். அவளோ, ஆறு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கலாமே என்கிறாள். இந்த இடத்தை நாலு தடவை படித்தேன். நான்சி எதைத் தாங்குவாள் என்று அவளைக் கேட்காமலே அவன் முடிவு கட்டிவிட்டான். அப்புறம் இருவரும் போய், சைலஸ் வளர்த்த அந்தப் பிள்ளை எப்பியைக் கூப்பிடுகிறார்கள். அவள் சைலஸின் கையை விடவில்லை.

சாயங்காலம் கேன்டீன் காபியை ஆற்றி, பாதியை என் டம்ளரில் ஊற்றினாள் அம்மா. கை நடுங்கவே இல்லை.

பிப்ரவரி 11
காலை ஆறு மணி. அம்மா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அக்கா வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கவர் என் மடியில்.

"என்னடி அது?"